கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு ஊதியம்: அமெரிக்காவின் முன்னுள்ள வழிகளில் எது நியாயமானது?

2025 ஜூன் 6 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி கிளாடியா வில்கன் ஓர் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தார். நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் முதலானோர் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மீது தொடுத்த வழக்கில் இரு தரப்பும் சேர்ந்து எட்டிய உடன்படிக்கை அது. அதன்படி, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்கள் தங்கள் அணி வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர். கல்லூரியில் விளையாடுபவர் விளையாட்டுக்காகப் பணம் பெறக் கூடாது என்று 1906இல் தோன்றிய அந்தச் சங்கம் ஏதோ ஒரு வடிவில் நூறாண்டுக்கும் மேலாகக் காத்துவந்த கொள்கை அத்துடன் முடிவுக்கு வந்தது.

ஆனால் வழக்கு முடிந்ததே தவிர, விவகாரம் முடியவில்லை. பணம் பெறும் வீரர் பல்கலைக்கழகத்தின் ஊழியரா, மாணவர் மட்டுமா என்பதை உடன்படிக்கை தொடவில்லை. உச்சவரம்பை யார் தீர்மானிப்பது, பெண்களுக்குரிய பங்கு எவ்வளவு, களத்தில் முதுகெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு என்பவையும் திறந்தே கிடக்கின்றன. ஆகவே நான்கு வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது இப்போது மிகவும் அவசியமாகிறது: உதவித்தொகையோடு நிறுத்திக்கொள்வது, வெளியாரிடமிருந்து விளம்பர வருமானம் பெற அனுமதிப்பது, உச்சவரம்புக்கு உட்பட்டு வருவாயைப் பகிர்வது, வீரர்களை ஊழியராக ஏற்று அவர்களுடைய தொழிற்சங்கத்தோடு பேரம் பேசி ஒப்பந்தம் செய்வது. பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் போட்டி நடத்த அமைத்துக்கொண்ட பெரிய கூட்டமைப்புகளின் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் நான்காவது வழியே தகும் என்பதும், மற்ற விளையாட்டுகளுக்கு முதல் வழியைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாம் என்பதும் என் கருத்து. அந்த முடிவுக்கு எப்படி வருகிறேன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது எவ்வளவு பெரிய வணிகம்?

நம் ஊர்க் கல்லூரி விளையாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (இக்கட்டுரையில் கால்பந்து என்பது இதுவே) மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அமரலாம். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தொடங்கும் ஆண்கள் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமையை 2010இல் சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு வாங்கின. 2016இல் மேலும் 880 கோடி டாலர் கொடுத்து அதை 2032 வரை நீட்டித்தன. பயிற்சியாளர்களின் சம்பளமும் இந்த அளவிலேயே இருக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023இல் தன் கால்பந்துப் பயிற்சியாளரை ஒப்பந்தக் காலம் முடியுமுன் நீக்கியபோது, அவருக்குத் தர வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலரைத் தாண்டியது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவோரிலேயே மிக அதிகம் பெறுபவர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்தான்.

இந்தப் பணம் எல்லா விளையாட்டிலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சங்கத்தின் மூன்று பிரிவுகளிலும் சேர்த்து 5 லட்சத்துக்கும் அதிகமானோர் விளையாடுகிறார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. முதல் பிரிவிலும் படகோட்டம், மல்யுத்தம், நீச்சல், டென்னிஸ் போன்றவை செலவு வைப்பவையே. கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும் ஈட்டும் பணத்தில்தான் அவை நடக்கின்றன. அந்த ஈட்டலும் பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்த சில பல்கலைக்கழகங்களுக்கே வாய்க்கிறது. மற்றவற்றில் மாணவர் கட்டணமும் பல்கலைக்கழகத்தின் பொது நிதியும் விளையாட்டுத் துறையைத் தாங்குகின்றன. எனவே, "கல்லூரி வீரர்களுக்கு ஊதியம் வேண்டுமா?" என்று மொத்தமாகக் கேட்டால் சரியான விடை கிடைக்காது. எந்த விளையாட்டு, எந்தப் பல்கலைக்கழகம் என்று பிரித்துக் கேட்டால்தான் விடை தெளிவாகும்.

உதவித்தொகை மட்டும் போதுமா?

முதல் வழிக்கு ஆதரவான வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் பட்டப்படிப்பு முடிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கடனோடு வெளியேறுகிறார்கள். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் அனைத்தையும் பெற்றுக் கடனின்றிப் படிப்பை முடிப்பது சிறிய கைம்மாறு அன்று. கல்லூரி வீரர்களில் தொழில்முறை விளையாட்டுக்குப் போகிறவர்கள் 100க்கு 2 பேருக்கும் குறைவு என்பதால், மற்றவர்களுக்குப் பட்டமே வாழ்நாள் சொத்து. தன் விளையாட்டால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு டாலரும் ஈட்டித் தராத படகோட்ட வீராங்கனைக்கு இது மிகவும் நியாயமான பரிமாற்றம் என்றே நானும் நினைக்கிறேன்.

வருவாய் ஈட்டும் விளையாட்டுகளில் இந்த வழி தோற்ற இடம் வேறு. பணம் கொடுக்காததைவிட, பொறுப்பை ஏற்காததுதான் அதன் பெருங்குறை. 1955இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணிக்காக ஆடிய ரே டெனிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கோரினார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே டெனிசன் ஊழியர் அல்லர் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. 1974இல் அலபாமா அணிக்கு எதிரான ஆட்டத்தில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கென்ட் வால்ட்ரெப் முதுகெலும்பில் காயமடைந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவருடைய இழப்பீட்டு வழக்கும் பல ஆண்டுகள் நடந்து, அவர் ஊழியர் அல்லர் என்ற காரணத்தாலேயே 2000இல் தோற்றது. ஆலையில் கை போன தொழிலாளிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, ஒரு லட்சம் பேர் சீட்டு வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் உடல் முறிந்த இளைஞனுக்கு இல்லை. சம்பள விவாதத்தின் இரைச்சலில் இது மறைந்துபோவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கைம்மாறாகச் சொல்லப்பட்ட கல்வியும் உறுதியாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. 1973 முதல் 2012 வரை உதவித்தொகை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதாகவே இருந்ததால், பயிற்சியாளரின் அதிருப்திக்கு ஆளானவர் மறுஆண்டு அதை இழக்க நேரிடலாம். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில், ஆசிரியர் வகுப்பெடுக்காமல் ஒரே ஒரு கட்டுரைக்கு மதிப்பெண் கொடுத்த பாடங்கள் 18 ஆண்டுகள் நடந்தன. 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் அவற்றில் சேர்ந்திருந்தனர். பதிவுகளில் ஏறத்தாழ பாதி விளையாட்டு வீரர்களுடையவை என்று 2014இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. அந்தப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் திறந்திருந்தன என்ற காரணத்தால் தன் விதிகளின்படி தண்டிக்க இயலாது என்று 2017இல் சங்கம் கைவிரித்தது. ஊதியத்துக்குப் பதிலாகக் கல்வி தருகிறோம் என்று சொல்லும் அமைப்பு, அந்தக் கல்வி உண்மையானதா என்பதைக் காக்கும் கடமையை ஏற்காதபோது, அதன் வாதத்தில் என்ன மிஞ்சுகிறது?

2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி சாம்பியன் பட்டம் வென்ற வேளையில், அதன் முன்னணி வீரர் ஷபாஸ் நேப்பியர், தான் பசியோடு படுக்கப் போகும் இரவுகள் உண்டு என்று செய்தியாளர்களிடம் சொன்னார். உணவு வழங்குவதில் இருந்த கட்டுப்பாட்டைச் சங்கம் அதே மாதம் தளர்த்தியது. பிறகு 2021 ஜூன் 21 அன்று முன்னாள் கல்லூரி வீரர் ஆல்ஸ்டன் முதலானோர் சங்கத்தின் மீது தொடுத்த வழக்கில், கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் வரம்பு விதிப்பது ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். படிப்பில் தேர்ச்சிக்கு ஆண்டுக்கு 5,980 டாலர் வரை பரிசளிக்க அதனால் வழி பிறந்தது. தனியாக எழுதிய கருத்தில் நீதிபதி பிரெட் கவனா இன்னும் கடுமையாகச் சென்று, சங்கம் சட்டத்துக்கு மேற்பட்டதன்று என்றார். பழைய வடிவத்துக்கு முழுமையாகத் திரும்பும் வழி அன்றே அடைபட்டுவிட்டது.

வெளியார் தரும் பணம்

இரண்டாவது வழிக்கு விதை போட்டவர் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன். 1995இல் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணியைச் சாம்பியனாக்கிய அவர், பல ஆண்டுகள் கழித்து ஒரு வீடியோ விளையாட்டில் தன்னையே ஒத்த உருவம் தன் எண்ணோடு ஆடுவதைக் கண்டார். தன் அனுமதி கேட்கப்படவில்லை, ஒரு காசும் தரப்படவில்லை என்று 2009இல் வழக்குத் தொடுத்தார். வழக்கின் வெற்றி முழுமையானது அன்று என்றாலும், சொந்தப் பெயரும் உருவமும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மக்கள் மனத்தில் பதிந்தது. 2019இல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. 2021 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் வீரர்கள் விளம்பரம், கையெழுத்து, பயிற்சி முகாம் ஆகியவற்றால் சம்பாதிக்கச் சங்கம் வழிவிட்டது. பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றுக்கான இந்த உரிமையை என்.ஐ.எல். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இதிலுள்ள நியாயம் வெளிப்படையானது. இசை பயிலும் மாணவர் கச்சேரி செய்து சம்பாதித்தால் எந்தப் பல்கலைக்கழகமும் தடுப்பதில்லை. விளையாட்டு வீரருக்கு மட்டும் அந்தத் தடை இருந்தது. பல்கலைக்கழகத்தின் பணத்தைத் தொடாததால் மற்ற விளையாட்டுகளுக்கும் பாதிப்பில்லை. பெண்களுக்கு இது திறந்துவிட்ட வாய்ப்பு குறிப்பிடத்தக்கது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஒலிவியா டன் தன் இணைய ரசிகர் கூட்டத்தால், வருவாயில்லாத விளையாட்டு என்று ஒதுக்கப்பட்ட ஒன்றிலிருந்தே பெரும் பொருள் ஈட்டினார். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் ஆடிய 2024 பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டத்தைச் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்துக்குக் கிடைத்தது 1.48 கோடி. பெண்கள் விளையாட்டைப் பார்க்க ஆளில்லை என்ற பழைய சமாதானம் இனி எடுபடாது.

எனினும் விளம்பரத்துக்கென்று திறந்த வாசல் வழியே வேறொன்றும் உள்ளே வந்தது. வசதி படைத்த ரசிகர்கள் நிதி திரட்டிக் 'கலெக்டிவ்' எனப்படும் குழுக்களை அமைத்து, விளம்பரம் என்ற பெயரில் ஆட்டத்துக்கே கூலி கொடுக்கத் தொடங்கினர். அணி மாறுவதற்கான கட்டுப்பாடுகளும் 2021க்குப் பிறகு ஒவ்வொன்றாக விலகியதால், ஒவ்வொரு பருவ முடிவும் ஏலச் சந்தையானது. 18 வயது இளைஞன் எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவரின் நோக்கம் அறியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான். வாய்ச்சொல்லாகத் தந்த உறுதிக்கு ஆதாரமும் இருப்பதில்லை. 2024 செப்டம்பரில் நெவாடாவின் லாஸ் வேகஸ் பல்கலைக்கழக அணியின் முதன்மை ஆட்டக்காரர், தனக்குச் சொல்லப்பட்ட தொகை தரப்படவில்லை என்று கூறிப் பருவத்தின் நடுவிலேயே விலகினார். பல்கலைக்கழகம் அதை மறுத்தது. யார் சொன்னது உண்மை என்பதைத் தீர்க்கும் பொதுவான முறையீட்டு மன்றம் ஒன்றுகூட இல்லை என்பதே அந்த நிகழ்ச்சி காட்டிய குறை.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு செய்தியும் இங்கே உண்டு. அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ், தடகளம், நீச்சல் ஆகியவற்றை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் இங்கே பெருகிவருகின்றன. 2025இல் தேசிய ஆண்கள் டென்னிஸ் பட்டம் வென்ற வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில் மதுரையைச் சேர்ந்த தட்சிணேஸ்வர் சுரேஷ் இடம்பெற்றிருந்தார். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர்கள் வளாகத்துக்கு வெளியே வேலை செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளதால், விளம்பர வருமானம் அவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாக்கனியே. இரண்டு முறை நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்வான பர்டூ பல்கலைக்கழகத்தின் ஜாக் ஈடியே, கனடா நாட்டவர் என்பதால், சக வீரர்களைப் போல் சம்பாதிக்க முடியவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது நம் பிள்ளைகள் உதவித்தொகையையும் பட்டத்தையும் மட்டுமே கணக்கில் கொள்வது நல்லது.

உச்சவரம்புக்கு உட்பட்ட பகிர்வு

மூன்றாவது வழிதான் இப்போது நடைமுறையில் உள்ளது. பெரிய கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்களின் ஒளிபரப்பு, நுழைவுச்சீட்டு, விளம்பர ஆதரவு ஆகியவற்றிலிருந்து வரும் சராசரி வருவாயில் 22 சதவீதம் என்ற அளவில் உச்சவரம்பு கணக்கிடப்பட்டது. அதற்கு மேல், 2016 முதல் விளையாடியவர்கள் இழந்த வருமானத்துக்காக ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் வழங்கப்பட வேண்டும். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்கள் உண்மையான விளம்பரத்துக்குத்தானா என்று சரிபார்க்கத் தனி ஏற்பாடும் உருவானது. ரசிகர் குழுக்கள் திரைமறைவில் கொடுத்த பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தது இந்த வழியின் பெரிய நன்மை. வீரருக்கு எழுத்து வடிவ ஒப்பந்தமும், பணம் தர வேண்டியவர் யார் என்ற தெளிவும் கிடைத்தன.

பகிர்வின் பலன் எங்கே போகிறது என்று பார்த்தால் மகிழ்ச்சி குறைகிறது. பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் கணக்கின்படி 75 சதவீதம் கால்பந்துக்கும், 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கும், 5 சதவீதம் பெண்கள் கூடைப்பந்துக்கும், எஞ்சிய 5 சதவீதம் மற்ற எல்லா விளையாட்டுகளுக்கும் செல்கின்றன. கூட்டாட்சி நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் பிரிவுச் சட்டம் இந்தப் பணத்துக்குப் பொருந்துமா என்பதில் அரசே இருவேறு நிலைகளை எடுத்தது. பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. அடுத்த மாதமே புதிய நிர்வாகம் அதை விலக்கிக்கொண்டது. இழப்பீட்டுப் பணத்தின் பங்கீட்டை எதிர்த்து வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தனர். சந்தை ஈட்டியதைச் சந்தைப்படி பகிர்கிறோம் என்ற வாதம் எனக்கு ஓரளவு புரிகிறது. ஆனால் பெண்கள் விளையாட்டைப் பல பத்தாண்டுகள் விளம்பரமின்றி, நல்ல ஒளிபரப்பு நேரமின்றி வைத்திருந்துவிட்டு, இன்று அதன் வருவாய் குறைவு என்று காரணம் காட்டுவதை ஏற்க முடியவில்லை.

செலவின் சுமையும் இடம் மாறியுள்ளது. டென்னசி பல்கலைக்கழகம் கால்பந்து நுழைவுச்சீட்டில் 10 சதவீதக் கூடுதல் கட்டணத்தை 2024இலேயே அறிவித்தது. உதவித்தொகை எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை நீக்கி, அணியின் மொத்த எண்ணிக்கைக்கு வரம்பு விதித்ததால், உதவித்தொகை எதுவுமின்றி ஆர்வத்தால் அணியில் இருந்த பலருடைய இடம் பறிபோனது. அவர்களில் ஏற்கெனவே அணியில் இருந்தவர்களுக்கு விலக்கு அளிக்காதவரை ஒப்புதல் தரமாட்டேன் என்று நீதிபதி வில்கன் நின்றதால்தான் அந்தத் தலைமுறைக்கேனும் ஓரளவு பாதுகாப்பு கிட்டியது. சிறிய விளையாட்டுகளை மூடும் அபாயமும் இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற அமெரிக்க அணியில் பாதிக்கும் மேற்பட்டோர் கல்லூரி விளையாட்டில் உருவானவர்கள் என்பதை நினைத்தால், இந்த இழப்பு கல்லூரி வளாகத்தோடு நிற்காது என்பது விளங்கும்.

இவை அனைத்தையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த 22 சதவீதத்தை வீரர்கள் கேட்டுப் பெறவில்லை. வழக்கறிஞர்கள் பேசி முடிவு செய்தார்கள். தொழில்முறைக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் வீரர்களுக்கு வருவாயில் ஏறத்தாழ பாதி போகிறது. அங்கேயும் உச்சவரம்பு உண்டு. ஆனால் அது வீரர் சங்கமும் உரிமையாளர்களும் எதிரெதிரே அமர்ந்து பேசி, வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் கடந்து எட்டியது. கல்லூரி விளையாட்டில் அந்த மேசையில் வீரருக்கு நாற்காலியே போடப்படவில்லை. ஒரு துறையின் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து கூலிக்கு உச்சவரம்பு வைத்தால் அது சட்டமீறல் என்றுதான் நீதிமன்றங்கள் இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்தன. தொகை உயர்ந்துவிட்டதால் மட்டும் அந்தச் செயலின் தன்மை மாறிவிடாது.

ஊழியர் என்ற நிலை

நான்காவது வழியை முதலில் தட்டிப் பார்த்தவர்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள். பயிற்சி முகாமின்போது வாரத்துக்கு 50 முதல் 60 மணி நேரமும், ஆட்டப் பருவத்தில் 40 முதல் 50 மணி நேரமும் அவர்கள் விளையாட்டுக்காகச் செலவிடுவதையும், உணவு முதல் சமூக ஊடகப் பதிவு வரை பயிற்சியாளர் கட்டுப்படுத்துவதையும் சுட்டிக்காட்டி, அவர்கள் ஊழியர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் 2014இல் முடிவு செய்தார். தொழிற்சங்கம் அமைப்பது குறித்து வீரர்கள் வாக்களித்தார்கள், ஆனால் அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை. 2015இல் வாரியம், ஊழியரா இல்லையா என்பதைச் சொல்லாமலேயே, இதில் தலையிட விரும்பவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 13க்கு 2 என்ற கணக்கில் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தனர். வாரியத்தின் அமைப்பு மாறவிருந்த சூழலில் அந்த மனு ஆண்டின் கடைசி நாளில் திரும்பப் பெறப்பட்டது. இடையே 2024 ஜூலையில், கல்லூரி வீரர்கள் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்படி ஊழியர்களாகக் கருதப்படத் தடையில்லை என்றும், ஒவ்வொருவரின் நிலையையும் பொருளாதார உண்மைகளை வைத்து ஆராய வேண்டும் என்றும் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

இந்த வழிக்கு எதிரான தடைகள் கற்பனையானவை அல்ல. தேசிய வாரியத்தின் அதிகாரம் தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே. பெரிய அணிகளில் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்கள். வட கரோலினா போன்ற மாநிலங்கள் அரசு ஊழியரோடு கூட்டுப் பேரம் பேசுவதையே சட்டத்தால் தடுத்திருக்கின்றன. ஊழியர் என்றானால் இப்போது வரியில்லாமல் கிடைக்கும் உதவித்தொகைக்கு வரி வரலாம். மோசமாக ஆடியவரைப் பணிநீக்கம் செய்யலாம். வெளிநாட்டு மாணவரின் விசா நிலை சிக்கலாகலாம். வீரர்களிலேயே பலர் ஊழியராக விரும்பவில்லை என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கர் சொல்லிவருகிறார். பணிநீக்க அச்சத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். உதவித்தொகையைப் புதுப்பிக்காமல் விடுவதும், அணியில் இடமில்லை என்று சொல்லி வேறு கல்லூரிக்குப் போகத் தூண்டுவதும் ஏற்கெனவே நடப்பவை. ஒப்பந்தத்தின்படி காரணம் கேட்கும் உரிமை, அந்த அச்சத்தைக் கூட்டுவதைவிடக் குறைக்கவே செய்யும்.

இத்தனை தடைகளுக்குப் பிறகும் இந்த வழியை நான் தேர்வதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது உடல். ஊழியர் என்றால் தொழிலாளர் இழப்பீடு, பாதுகாப்பு விதி, பயிற்சி நேரத்துக்கு எல்லை ஆகியவை உரிமையாகின்றன. 2024 ஆகஸ்ட் முதல் முதல் பிரிவுக் கல்லூரிகள், விளையாட்டால் ஏற்பட்ட காயத்துக்கு, வீரர் வெளியேறிய பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்று சங்கம் விதித்தது. அது வரவேற்க வேண்டிய மாற்றமே. ஆனால் மூளையில் மீண்டும் மீண்டும் ஏற்படும் அதிர்ச்சியின் விளைவுகள் இருபது ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். தேய்ந்த முழங்கால் நாற்பது வயதில்தான் முழுதாகக் கெடும். இரண்டு ஆண்டு என்ற எல்லை காயத்தின் இயல்பை அறிந்து வகுத்ததாகத் தெரியவில்லை. வீரர்களுடைய பிரதிநிதிகள் எதிரே உட்கார்ந்திருந்தால் அவர்கள் முதலில் கேட்டிருப்பது இதைத்தான். நார்த்வெஸ்டர்ன் வீரர்களின் கோரிக்கைகளிலும் சம்பளத்துக்கு முன்னால் நின்றது மருத்துவப் பாதுகாப்புதான்.

இரண்டாவது காரணம் பல்கலைக்கழகங்களுக்கே பயன் தருவது. அவை இன்று கேட்பது ஒழுங்கு: ஊதியத்துக்கு ஒரு வரம்பு, அணி மாறுவதற்கு ஒரு கட்டுப்பாடு, ஒப்பந்தத்துக்கு ஒரு மதிப்பு. தனியாக விதித்தால் ஏகபோகத் தடுப்புச் சட்டம் இவற்றை ஒவ்வொன்றாக உடைக்கிறது. ஆனால் தொழிற்சங்கத்தோடு நேர்மையாகப் பேரம் பேசி எட்டிய கட்டுப்பாடுகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்பது அமெரிக்காவில் நிலைபெற்ற சட்டநிலை. தொழில்முறை விளையாட்டுகளின் ஊதிய வரம்பும் அணி மாற்ற விதிகளும் அதனால்தான் நிற்கின்றன. பல்கலைக்கழகங்கள் நீதிமன்றத்தில் தோற்றுத் தோற்று இழந்ததை மேசையில் உட்கார்ந்து பெற முடியும். அதற்கு விலையாக அவை விட்டுக்கொடுக்க வேண்டியது, தாமே விதி வகுக்கும் பழக்கத்தை மட்டும்தான்.

பட்டம் பெற்ற பிறகு வீரருக்குக் கிடைக்கும்படி பணத்தை அறக்கட்டளையில் போட்டு வைக்கலாம் என்று இடைவழி ஒன்றும் பேசப்பட்டது. ஓபேனன் வழக்கில் நீதிபதி வில்கன் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை அப்படி ஒதுக்க 2014இல் அனுமதித்தார். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. படிப்பை முடிக்கத் தூண்டும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் அது தனி வழியாக நிற்காது. பேரம் பேசி எட்டும் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாகவே பயன்படும்.

ஆக, தேர்வு விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபட வேண்டும். டென்னிஸ், நீச்சல், மல்யுத்தம் போன்றவற்றுக்கும் சிறிய கல்லூரிகளுக்கும் உதவித்தொகையும் விளம்பர உரிமையும் போதும். பட்டம் முடியும்வரை உதவித்தொகைக்கும், காயம் ஆறும்வரை சிகிச்சைக்கும் உறுதி வேண்டும். பெரிய கூட்டமைப்புகளின் கால்பந்துக்கும், ஆண்கள், பெண்கள் இருபாலர் கூடைப்பந்துக்கும் ஊழியர் நிலையும் கூட்டுப் பேரமும் வேண்டும். பெண்கள் கூடைப்பந்தை இதில் சேர்ப்பதற்கு, வளர்ந்துவரும் அதன் வருவாயே போதிய காரணம். மாநிலச் சட்டங்களின் தடையைக் கடக்க, வீரர்களுக்கென்று தனிப் பேர உரிமையை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமாக இயற்றலாம். ஊழியர் என்ற பெயரைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்றாலும், பேரம் பேசும் உரிமையையும் காயத்துக்கான இழப்பீட்டையும் தவிர்க்கக் கூடாது.

2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் அறிமுகமான ஸ்கோர் மசோதா இதற்கு நேரெதிர்த் திசையில் செல்கிறது. சங்கத்துக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு தரும் அம்மசோதா, வீரர்கள் ஊழியராகக் கருதப்படுவதைத் தடுக்கவும் செய்கிறது. விதி வகுப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளித்து, விதிக்கு உட்படுபவரிடமிருந்து வழக்கு, தொழிற்சங்கம் ஆகிய இரு கருவிகளையும் ஒருசேரப் பறிக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் நிறைவேற்றக் கூடாது. பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு அளித்தே தீர வேண்டும் என்றால், வீரர்களின் பேர உரிமை அதே சட்டத்தின் இன்னொரு பிரிவாக இடம்பெற வேண்டும்.